நாள் நெருங்கியும் வலி வரவில்லையா? ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை எதற்கு உதவும், எப்படிச் செய்வது

டியூ டேட் நெருங்கிவிட்ட வீட்டில் போன் ஓயாது. "என்ன, வலி கண்டுச்சா?" என்று காலையில் அத்தை, மதியம் சித்தி, ராத்திரி பழைய ஆபீஸ் தோழி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு புரண்டு படுக்கவும் முடியாமல் கிடக்கும் பெண், "சீக்கிரம் வலி வர என்ன செய்யலாம்" என்று போனில் தேடத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் பக்கம் இருந்தால் அந்தத் தேடலில் அன்னாசிப்பழத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே ஆஸ்டியோபதியும் வந்து நிற்கும். கையாலேயே இடுப்பைத் தளர்த்தி, நரம்பைத் தூண்டி, பிரசவ வலியை வரவழைப்பதாகச் சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை வாய் பழுக்காத, அதாவது இளகித் தயாராகாத உடம்பில் எந்தக் கையும் பிரசவத்தைத் தொடங்கி வைக்காது. ஆனால் கடைசி மாதத்து முதுகுவலி, இடுப்புப் பிடிப்பு, தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் குறைக்கக் கை உதவலாம். அதற்காகச் செய்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. வலியைத் தூண்டுவதில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ள கைமுறை ஒன்றுதான் இருக்கிறது. அதை ஆஸ்டியோபாத் செய்வதில்லை, டாக்டரோ மிட்வைஃபோ (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) செய்கிறார்கள். அதையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874-ல் அறிவித்த முறை இது. 1892-ல் மிசூரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் ஊரில் இதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். அந்தக் காலத்திலேயே பெண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. இன்று அமெரிக்காவில் இந்த வழியில் படித்தவர்கள் முழு டாக்டர்கள். மருந்து எழுதுவார்கள், அறுவைசிகிச்சையும் செய்வார்கள். மற்ற நாடுகள் பலவற்றில் அப்படி இல்லை. அங்கே ஆஸ்டியோபாத் என்றால் கையால் மட்டும் சிகிச்சை தருபவர்.

அவர்கள் ஏன் முதுகையும் இடுப்பையும் தொடுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கர்ப்பப்பைக்குப் போகும் நரம்புகளில் ஒரு பகுதி கீழ் முதுகிலிருந்து கிளம்புகிறது. இன்னொரு பகுதி சேக்ரம் என்கிற முக்கோண எலும்பிலிருந்து கிளம்புகிறது. இடுப்புக்குக் கீழே, பிட்டம் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே தட்டையாகத் தட்டுப்படுமே, அந்த எலும்புதான். அதன் இரு பக்கத்து மூட்டுகளும் முன்னால் இருக்கும் இடுப்பு எலும்பு இணைப்பும் கர்ப்பகால ஹார்மோன்களால் இளகிப்போயிருக்கும். சுற்றியுள்ள தசைகள் இறுகி, அந்தத் தளர்வை ஈடுகட்டும். இறுக்கத்தைக் குறைத்தால் எலும்பு நன்றாக அசையும், குழந்தை இறங்க இடம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். எலும்பும் தசையும் பற்றிய பகுதி சரி. "நரம்பைத் தூண்டினால் வலி வரும்" என்ற பகுதிக்குத்தான் ஆதாரம் மெலிவு.

டெக்சாஸ் மாநிலத்தில் 400 கர்ப்பிணிகளிடம் ப்ரொமோட் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. 30-வது வாரத்திலிருந்து 20 நிமிடச் சிகிச்சை, மொத்தம் 7 முறை. 2015-ல் வந்த முடிவு: வழக்கமான பரிசோதனை மட்டும் பெற்றவர்களைவிடச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு முதுகுவலித் தொல்லை குறைவு. ஆனால் பொய்யாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து எடுத்த குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். அடுத்த ஆண்டு பிரசவ விவரங்களை வெளியிட்டார்கள். சிகிச்சையால் ஆபத்து கூடவில்லை, நல்ல செய்தி. ஆனால் சிகிச்சை பெற்ற பெண்களுக்குப் பிரசவ நேரம் குறையவில்லை. மற்றவர்களைவிட நீளமாகத்தான் இருந்தது. "எங்களிடம் வந்தால் சீக்கிரம் பிரசவம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

படி 1: வாரத்தைப் பாருங்கள், டாக்டரிடம் கேளுங்கள்

37 வாரம் முடியும் முன் வலியைத் தூண்டும் நோக்கத்தில் எதுவும் வேண்டாம். முதுகுவலிக்கான சாதாரணச் சிகிச்சை வேறு விஷயம், அதை முன்பே எடுக்கலாம். 39 வாரம் வரை பொறுப்பது இன்னும் நல்லது. டியூ டேட் என்பது 280 நாள் கணக்கில் போட்ட மதிப்பீடு. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். தேதி தாண்டி மூன்று நாள் ஆனதற்கே வீடு பதறத் தேவையில்லை.

கீழே சொல்பவை இருந்தால் ஆஸ்டியோபாத்திடம் போகவே வேண்டாம்: நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்திருப்பது, 140/90-க்கு மேல் ரத்த அழுத்தம், காலில் ரத்தக்கட்டி, குழந்தை அசைவு குறைந்திருப்பது. குழந்தை குறுக்கே அல்லது தலை மேலாக இருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ உங்கள் மகப்பேறு டாக்டர் சரி சொன்ன பிறகு மட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் "தேய்த்துவிட்டால் சரியாகும்" என்று யாரையும் தொடவிடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

படி 2: யாரிடம் போவது

பிரிட்டனில் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்ள முடியும். ஜெனரல் ஆஸ்டியோபாதிக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவிலும் தேசியப் பதிவேடு உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் தமிழர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கையால் சிகிச்சை தரும் ஆஸ்டியோபதிக்கு அரசு ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. எங்கே படித்தார், எத்தனை கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறார் என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஆளைத் தேடி அலைவதைவிட, கர்ப்பகாலப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்ப்பது மேல். இதே தசை, மூட்டு வேலையை அவர்களும் செய்கிறார்கள்.

போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு 39 வாரம், வலி வரவைக்க முடியுமா?" முடியும் என்று உறுதி சொல்பவரை விட்டுவிடுங்கள். "அது என் கையில் இல்லை, இடுப்பு வலிக்கு உதவுகிறேன்" என்பவரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சிகிச்சை அறையில் நடப்பது

முதலில் பத்து நிமிடமாவது பேச வேண்டும். ஸ்கேன், ரத்த அழுத்தம், குழந்தை அசைவு, பழைய பிரசவம் எல்லாம் கேட்காமல் கை வைப்பவர் நல்ல சிகிச்சையாளர் இல்லை. பிறகு நிற்கவைத்துப் பார்ப்பார்: எந்தக் காலில் பாரம் சாய்கிறது, குனியும்போது எங்கே பிடிக்கிறது என்று.

படுப்பது பக்கவாட்டில்தான். மல்லாந்து நேரம் போனால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அப்படி வந்தால் உடனே சொல்லி இடப்பக்கம் திரும்புங்கள்.

இடுப்பு மூட்டுக்குப் பொதுவாகச் செய்வது தசையைப் பயன்படுத்தும் முறை. அவர் உங்கள் முழங்காலில் கையை வைத்து, "என் கையை மெதுவாகத் தள்ளுங்கள்" என்பார். முழுப் பலமும் வேண்டாம், கால்வாசி போதும். ஐந்து விநாடி தள்ளி, விட்டு, மூச்சை வெளியே விடும்போது அவர் மூட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். மூன்று அல்லது ஐந்து தடவை. முன்பக்க இடுப்பு இணைப்பில் வலி என்றால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அவர் முன்கையை வைத்து, அதை முழங்காலால் நெருக்கச் சொல்வார். சில நேரம் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் முதுகுத் தசைகளை நிதானமாக அழுத்தி இளக்குவார், விலா எலும்புகளுக்குக் கீழே கைவைத்து மூச்சு விரிய உதவுவார். கடைசி மாதத்தில் மூச்சு முட்டும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி.

கடகடவென்று எலும்பை முறுக்கிச் சத்தம் எடுக்கும் வித்தையைக் கடைசி மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூட்டு ஏற்கெனவே இளகிக் கிடக்கிறது, அதில் வேகம் எதற்கு?

வலியைத் தூண்டுவதாகச் சொல்லும் சிறப்பு முறை சிவி4. பின்மண்டைக்குக் கீழே இரண்டு கைகளையும் குவித்து வைத்துச் சில நிமிடங்கள் அசையாமல் தாங்குவார்கள். மண்டைக்குள் ஓடும் திரவத்தின் தாளத்தை மாற்றுகிறோம் என்பது விளக்கம். 1992-ல் பத்துப் பேருக்கும் குறைவான பெண்களிடம் பார்த்த முன்னோட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் இத்தனை பேச்சு. தலையைத் தாங்கிப் பிடித்தால் கண் சொக்கும், அது உண்மை. பிரசவம் தொடங்கும் என்று நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

படி 4: வீட்டில் கணவரோ அம்மாவோ செய்யக்கூடியது

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் அதிகம் பயன்படப்போவது இந்தப் பகுதிதான். நாளைக்கு வலி வந்த பிறகும் இதே கைகள்தான் வேலை செய்யும், அதனால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, பேன் காற்றில் தொடங்குங்கள்.

முட்டி வலிக்காமல் இருக்க ஒரு போர்வையை மடித்துத் தரையில் போடுங்கள். கர்ப்பிணி முட்டி போட்டு, கட்டிலின் மேல் இரண்டு தலையணை வைத்து அதில் சாய்ந்துகொள்ளட்டும். வயிறு தொங்கலாக, எதிலும் அழுந்தாமல் இருக்க வேண்டும். கை வைக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சேக்ரம் எலும்பின் மேல் வையுங்கள். விரல்கள் கீழ்நோக்கி, வால் எலும்பைப் பார்த்தபடி இருக்கட்டும். ஒரு நிமிடம் சும்மா வைத்திருங்கள். சூடு இறங்கியதும், அவர் மூச்சை விடும்போது கை எடையை மெதுவாகக் கொடுங்கள். மூச்சை இழுக்கும்போது தளர்த்துங்கள். பத்து மூச்சு ஆன பிறகு, எலும்பை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். சில மில்லிமீட்டர் அசைவு, அவ்வளவுதான். தோலின் மேல் கை வழுக்கக் கூடாது. தோலோடு சேர்ந்து நகர வேண்டும். "ஏங்க, இன்னும் கொஞ்சம் கீழே" என்று அவர் சொல்வார். சொன்ன இடத்துக்குப் போங்கள். எங்கே, எவ்வளவு என்பதில் அவர் சொல்வதுதான் அளவு. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது இடுப்பை நெருக்குவது. அதே நிலையில், பின்னால் நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்தின் இரு பக்கமும், இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் வையுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் உள்நோக்கி, லேசாக மேல்நோக்கி அழுத்துங்கள். முழங்கையை விரித்து, தோள் பலத்தில் அழுத்தினால் கை சோராது. பழகும்போது பத்து விநாடி போதும். உண்மையான வலியின்போது ஒவ்வொரு வலியும் அடங்கும்வரை இதைப் பிடிக்க வேண்டியிருக்கும். குறிப்பாக முதுகிலேயே வலி எடுக்கும் பெண்களுக்கு இது கைகண்ட உதவி. முன்பக்க இணைப்பில் ஏற்கெனவே வலி இருப்பவருக்கு வேண்டாம்.

தூங்கப் போகும் முன் இடப்பக்கம் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் கெட்டியான தலையணை ஒன்று. முதுகெலும்பின் மேலே அழுத்தாமல், அதற்கு இரண்டு விரல் தள்ளி ஓடும் தசையைத் தோளிலிருந்து இடுப்புவரை எண்ணெய் தொட்டு நீவிவிடுங்கள். பின்கழுத்தும் தலையும் சேரும் பள்ளத்தில் விரல்நுனிகளை வைத்து இரண்டு நிமிடம் தாங்கினால், சிவி4-க்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

நாலு காலில் நின்றால் குழந்தை திரும்பிக்கொள்ளும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்த நிலை முதுகுவலியைக் குறைக்கிறது. பிறக்கும் நேரத்தில் குழந்தை எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதை அது மாற்றியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சுகமாக இருந்தால் செய்யுங்கள், கணக்கு வைத்துச் செய்ய வேண்டாம்.

படி 5: இன்னும் இரண்டு கைவேலைகள்

யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதியை மசாஜ் செய்வது வலியைத் தூண்டாது. ஆனால் முதல் பிரசவத்தில் கிழிந்து தையல் போடும் வாய்ப்பைக் குறைக்கிறது. 34, 35 வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். நகம் வெட்டி, கை கழுவி, வாசனை சேர்க்காத எண்ணெய் தொட்டு, கட்டைவிரலை மூன்று நாலு சென்டிமீட்டர் உள்ளே வைத்துக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். லேசான எரிச்சல் வரும்போது நிறுத்தி, மூச்சு விடுங்கள். கிருமித்தொற்று இருந்தாலோ பனிக்குடம் உடைந்திருந்தாலோ செய்யக் கூடாது.

மார்புக்காம்பைத் தூண்டுவது உண்மையாகவே ஆக்சிடோசின் என்ற, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோனைச் சுரக்கவைக்கும். இதைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் அலசல்), தூண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 63 பேருக்கு மூன்று நாள் ஆகியும் வலி தொடங்கவில்லை. தூண்டாதவர்களில் அது 94. ஆனால் வாய் பழுத்தவர்களுக்கு மட்டுமே பலித்தது. சிக்கலான கர்ப்பத்தில் இது ஆபத்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு வலி நெருக்கமாக வந்துவிடலாம். டாக்டர் சரி சொல்லாமல் தொடாதீர்கள்.

படி 6: ஸ்வீப்

நான் முதலில் சொன்ன அந்தக் கைமுறை இதுதான். டாக்டரோ மிட்வைஃபோ கையுறை போட்ட விரலைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு, பனிக்குடப் பையைக் கீழ்ச்சுவரிலிருந்து வட்டமாகச் சுற்றிப் பிரிப்பார். அந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, வாயை இளக்கும் பொருள் சுரக்கும். வாய் மூடியிருந்து விரல் நுழையாவிட்டால் வெளிப்புறத்தைச் சுற்றித் தேய்ப்பார்கள். பிரிட்டனில் 39 வாரத்துக்குப் பிறகு இதைச் செய்யட்டுமா என்று கேட்பது வழக்கம். 2020-ன் காக்ரேன் தொகுப்பாய்வில், ஸ்வீப் செய்யாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்குத் தானாக வலி வந்தது, செய்தவர்களில் 72 பேருக்கு. பெரிய மந்திரம் இல்லை, ஆனாலும் இந்தப் பட்டியலில் இதுதான் முதல்.

வலிக்கும், மறைப்பதற்கில்லை. ஓரிரண்டு நிமிடம் நீண்ட மூச்சு விட்டுச் சமாளிக்கலாம். அன்றும் மறுநாளும் சளியோடு ரத்தத் திட்டுத் தெரியலாம், ஒழுங்கில்லாத பிடிப்பு வலி வரலாம். மாதவிலக்கு போல ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று: உள்பரிசோதனை செய்யும் சாக்கில் சொல்லாமல் ஸ்வீப் செய்யக் கூடாது. "இன்றைக்கு செக் மட்டும்தானே டாக்டர்?" என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை.

செய்யவே கூடாதவை

வயிற்றின் மேல் அழுத்தித் தடவிக் குழந்தையை இறக்குவது முதல் தவறு. ஊரில் அனுபவப்பட்ட கை என்று எவ்வளவு சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நஞ்சு பிரிந்துவிடலாம், பழைய தையல் இருந்தால் கர்ப்பப்பையே கிழியலாம். விளக்கெண்ணெய் குடித்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், பிரசவ நேரத்தில் தெம்பில்லாமல் கிடக்க நேரும். கால், கைப் புள்ளிகளை அழுத்துவதால் வலி தொடங்கியதாகத் தெளிவான ஆதாரம் இல்லை.

கைச்சிகிச்சையை நம்பி ஆஸ்பத்திரி சொன்ன தேதியைத் தள்ளிப்போடுவதும் இந்த வரிசையில்தான் வரும். ஸ்வீடனில் 41 வாரத்தில் மருந்து கொடுத்து வலியைத் தொடங்குவதையும் 42 வாரம்வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். காத்திருந்த குழுவில் 6 குழந்தைகள் இறந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், மற்ற குழுவில் இறப்பே இல்லை. முடிவு 2019-ல் வெளியானது. 41 வாரம் ஆனதும் "இன்னும் ஒரே ஒரு சிட்டிங்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வலி வந்த பிறகு

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். குடித்துவிட்டுக் கொஞ்சம் நடங்கள், இடப்பக்கம் படுத்துப் பாருங்கள். சூட்டு வலி அடங்கும். நிஜ வலி அடங்காமல் நெருங்கி வரும். ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம்வரை போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்பலாம். இரண்டாவது குழந்தை என்றாலோ ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ அதற்கு முன்பே கிளம்புங்கள். காரில் போகும்போதும் சேக்ரத்தில் கைவைத்து அழுத்துவது உதவும், அதனால் கணவர் வண்டி ஓட்டாமல் வேறு யாராவது ஓட்டுவது உத்தமம்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மின்னினால், மேல் வயிற்றில் வலி நிற்காமல் இருந்தால் நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண். பையில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு, கைச்சிகிச்சை எப்போது எடுத்தீர்கள், ஸ்வீப் எப்போது செய்தார்கள் என்ற தேதிகளையும் எழுதிவைத்து, உள்ளே போனதும் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.